எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தலையிடி இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்னர், பல்கலைக்கழகத்தின் முதலாம் வருட விடுமுறைக்கு ஆவணி மாதம் யாழ்ப்பாணம் வந்திருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு குருநகரில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. அப்பாவுக்குக் கடற்றொழில். அம்மாவும் அவரின் அக்காவான பெரியம்மாவும் இறாலும் நண்டும் தரம் பிரித்து ஐஸ் போடும் கொட்டிலில் வேலை செய்கிறார்கள். இரண்டு பக்கச் சொந்தத்திலும் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, மட்டக்களப்புக்குப் படிக்கப் போன முதல் ஆளும் நான்தான். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். அந்த வருடம் அந்தப் பெருமை கொஞ்சம் கூடிப்போயிருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் எந்தப் படிவமும் என் கையால்தான் நிரம்பும். வாக்காளர் பதிவு, படகு அனுமதி, கோயிலில் திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். நாளடைவில் ஆட்களிடம் கேட்காமலே எழுதப் பழகிவிட்டேன். அம்மாவின் பிறந்த திகதி அம்மாவை விட எனக்குத்தானே நன்றாகத் தெரியும்!

முதலாம் வருடத்தின் நடுவில் ஒருநாள் விரிவுரையின்போது கரும்பலகையில் பாதி காணாமல் போனது. கண்ணைக் கசக்கினேன். இடப்பக்கத்தில் ஒரு சிறிய வெளிச்சப் புள்ளி தோன்றி, வளைந்து, வாளின் பல் மாதிரி மினுங்கிக்கொண்டு பெருத்தது. அரை மணித்தியாலத்தில் அது போய், பிறகு வந்த வலியில் விடுதிக் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. அந்த வருடத்தில் நாலு தடவை இப்படி வந்தது. வீட்டில் பயப்படுவார்கள் என்று மினுக்கத்தையும் வாந்தியையும் மறைத்துவிட்டு, தொலைபேசியில் "கொஞ்சம் தலையிடி" என்று மட்டும் சொன்னேன். அந்தக் "கொஞ்சம் தலையிடி" நான் ஊருக்கு வருவதற்கு முன்னமே ஒழுங்கை முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது.

காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். படிப்பு.

"உவ்வளவு புத்தகத்தையும் ஒரு மண்டைக்குள்ளை அடைஞ்சால் அது இடிக்காமல் என்ன செய்யும்?" என்றார் பெரியம்மா. "இறால் பெட்டிக்கே ஒரு கணக்கு இருக்குதெல்லோ."

பெரியம்மாவின் பேச்சுக்கு நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. என் மகள் கம்பஸில் படிக்கிறாள் என்று இறங்குதுறை முழுவதும் சொல்லித் திரிந்த மனிதர், இப்போது என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஒரு வருசம் நிப்பாட்டு பிள்ளை. உன்னைத் துலைச்சுப்போட்டு நான் பட்டத்தை வைச்சு என்ன செய்யிறது?" என்றார்.

என் விடயம் ஒரு பக்கம். அந்த நேரம்தான் தங்கச்சிக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்திருந்தது. என்னை விட நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் அவளும் உயிரியல் படிக்க ஆசைப்பட்டாள். பாடசாலை கொடுத்த விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். அப்பா அந்தப் படிவத்தை அலுமாரி லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டார். "ஒண்டின்ரை மண்டை காணும்," என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாள் இருந்தது. இதை விஞ்ஞானத்தால் வெல்லலாம் என்று முடிவு செய்தேன். இப்படியான தலையிடி பரம்பரையாகவும் வரலாம் என்று எங்கோ வாசித்திருந்தேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறது என்று காட்டிவிட்டால் படிப்பின் மேல் விழுந்த பழி போய்விடும். பரம்பரை வரைபடம் கீறும் முறையை அந்தத் தவணையில்தான் படித்திருந்தேன். கொப்பியும் பென்சிலுமாகக் கிளம்பினேன்.

ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். "உங்களுக்குக் கடுமையான தலையிடி வாறதோ?"

"தலையிடியோ? எனக்கோ?" பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மாதா புண்ணியத்திலை அந்தக் கள்ள வருத்தம் எனக்கில்லை."

அம்மாவின் தம்பியான மாமாவும் இல்லை என்றார். கனடாவில் இருக்கும் சின்னம்மா தொலைபேசியில் "எனக்கு அதுக்கெல்லாம் எங்கை நேரம்?" என்றார். அம்மா நண்டு கழுவிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். அப்பா பக்கத்திலும் ஒருவரும் இல்லை. பதின்மூன்று பேரைக் கேட்டு, என்னையும் சேர்த்துக் கீறி முடித்தேன். பதின்மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. அழகான வரைபடம். விரிவுரையாளர் பார்த்தால் பாராட்டியிருப்பார்.

பார்த்தவர் அப்பா.

"உந்த வட்டமெல்லாம் ஆர்?"

"பொம்பிளையள் அப்பா. சதுரம் ஆம்பிளையள். வருத்தம் உள்ள ஆளைக் கறுப்படிக்கோணும்."

"அப்ப கறுப்பு நீ மட்டும்."

"ஓம்."

"இதுக்குள்ளை படிச்ச ஆளும் நீ மட்டும்."

எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அப்பா, என் படத்தை ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டார். அதை வாங்கிக்கொண்டு போய்ப் பெரியம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டினார். "பாருங்கோ, பிள்ளை தானே கீறித் தந்திருக்கு," என்று சொல்லும் குரல் எனக்குக் குசினி வரைக்கும் கேட்டது. அன்று பின்னேரம் தங்கச்சி என் கட்டிலருகே வந்து நின்றாள். "நீ படம் கீறாமல் இருந்திருக்கலாம் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

புதன்கிழமை சோளகம் பலமாக எழும்பியது. தென்பக்கமிருந்து அடிக்கும் அந்தக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துச் சிறிய படகுகள் இறங்காது. அப்பா வீட்டில் நின்றார். அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா, பிள்ளையை ஒரு டொக்டரிடம் காட்டுவோம் என்றார். யாழ்ப்பாண நகருக்குள் காட்ட அவருக்கு விருப்பமில்லை. குருநகர் ஆட்கள் யாராவது கண்டால், படித்துப் படித்துப் பிள்ளைக்குத் தலை பிழைத்துப்போனது என்று கதை கட்டுவார்கள் என்ற பயம். அதனால் அம்மா பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொள்ள, மூன்று பேருமாக பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனோம். அங்கே கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய மருத்துவ நிலையம்.

தலையிடி என்றதும் வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்! பேனையைத் திறந்து கடகடவென்று நிரப்பினேன். "குடும்பத்தில் வேறு யாருக்காவது கடுமையான தலையிடி உண்டா?" என்றொரு கேள்வி. பக்கத்துக் கதிரையில் அம்மா இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் "இல்லை" என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

டொக்டர் ஒரு பெண். என்னை விடப் பத்து வயது கூட இருக்கலாம். இரத்த அழுத்தம் பார்த்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, கையைக் காலை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"ஒருத்தருக்குமே இல்லையோ?"

"இல்லை டொக்டர். நான் எல்லாரையும் கேட்டுப் பரம்பரை வரைபடமே கீறியிருக்கிறன்," என்றேன். என்ன ஒரு மிடுக்கு!

"சரி. தலையிடி தொடங்க முதல் என்ன நடக்கிறது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

மறைக்க வழியில்லை. அம்மாவைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். வெளிச்சப் புள்ளி வருவதை, அது வாளின் பல் மாதிரி மினுங்கிப் பெருப்பதை, முன்னால் நிற்கிறவரின் முகம் பாதி இல்லாமல் போவதை.

"பிறகு விரல் விறைக்கும்," என்றார் அம்மா.

"ஓம், இடக்கை," என்றேன் நான்.

"மீன் மணம் கிட்டவும் பிடிக்காது."

"பொரியல் மணமும்."

"சத்தி எடுத்தால் கொஞ்சம் சுகமாயிருக்கும். ஆனால் யன்னலைத் திறக்க ஏலாது."

அப்போதுதான் நான் திரும்பினேன். அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார்.

"உங்களுக்கு ஆர் அம்மா இதெல்லாம் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? எடி பிள்ளை, இதை ஏன் நீ எனக்கு முதலே சொல்லேல்லை? இது தலையிடி இல்லை. இது சோளகமெல்லோ!"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "சோளகமோ?"

அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டும். அம்மாவுக்கு மாதத்தில் ஒருநாள், சிலவேளை இரண்டு நாள், "சோளகம் எழும்பும்." அன்றைக்கு அறையை இருட்டாக்கிப் படுத்துவிடுவார். நாங்கள் சத்தம் போடக் கூடாது. வாந்தி எடுக்கச் சட்டி ஒன்றைக் கட்டிலருகே வைப்போம், தேசிக்காய் வெட்டி மணக்கக் கொடுப்போம். அடுத்த நாள் எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விடுவார். காற்று உடம்புக்குள் ஏறி வயிற்றைப் புரட்டுகிறது என்றுதான் நான் சிறுவயது முதல் நினைத்திருந்தேன். பெரியம்மாவுக்கும் அதே சோளகம் உண்டு. மழைக்காலத்தில், வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மார்கழியிலும் அம்மாவுக்குச் சோளகம் எழும்பும். அது எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்த நானும் கேட்டதில்லை.

"தலை இடிக்கிறேல்லையோ அம்மா?" என்று கேட்டார் டொக்டர்.

"இடிக்காமல்? ஒரு பக்கம் கழண்டு விழுகிற மாதிரி இடிக்கும்."

"அப்ப ஏன் தலையிடி எண்டு சொல்லுறேல்லை?"

அம்மா டொக்டரை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தலையிடி எண்டு படுத்தால் வேலைக்குக் கள்ளம் எண்டு சொல்லுவினம். சோளகம் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம். ஆம்பிளையளும் சோளகத்துக்கு வீட்டிலை நிக்கிறவைதானே? எங்கடை அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவா. அதோடை, கண், கை, வயிறு எல்லாத்தையும் ஒண்டா உலுப்பிறதை வெறும் தலையிடி எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா சொன்னதுதான் சரி. இது வெறும் தலையிடி இல்லை. மைகிரேன். தலையிடி அதிலை ஒரு பங்குதான்."

அதுவரை மூலையில் நின்ற அப்பா மெதுவாக முன்னால் வந்தார். "கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் பாக்கிறன் டொக்டர். சோளகம் எண்டால் நானும் பேசாமல் வெளியிலை போயிடுவன். காத்தோடை ஆர் சண்டை பிடிக்கிறது?" என்றார். பிறகு, அவர் கேட்க வந்ததைக் கேட்டார். "அப்ப இது புத்தகத்தாலை வந்தது இல்லையோ?"

"அம்மா எவ்வளவு படிச்சவா?" என்று கேட்டார் டொக்டர்.

"அஞ்சாம் வகுப்பு," என்றார் அம்மா. "அதுவும் முழுக்க இல்லை. இடம்பெயர்ந்து ஓடினதோடை சரி."

"அப்ப புத்தகத்திலை பழியைப் போடாதேங்கோ ஐயா."

அப்பாவுக்கு விளங்கும்படி டொக்டர் ஆறுதலாகச் சொன்னார். இந்த வருத்தம் வரக்கூடிய தன்மை பிறக்கும்போதே பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அது ஒரு தனிப் பரம்பரையலகின், அதாவது ஒரு ஜீனின், வேலை இல்லை. பல சேர்ந்து ஆளை அந்தப் பக்கம் சாய்த்து வைக்கின்றன. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்றும் இல்லை, ஆனால் மற்றவர்களை விட வாய்ப்புக் கூட. பிறகு நேரத்துக்குச் சாப்பிடாமல் விடுவது, நித்திரை குறைவது, கண்ணைக் கூசும் வெயில் என்று ஏதோ ஒன்று அதை எழுப்பிவிடும். ஆளுக்கு ஆள் அது வேறுபடும்.

அப்பா யோசித்தார். "அப்ப படகு கட்டேக்கையே கொஞ்சம் ஆட்டம் உள்ளதாக் கட்டியாச்சு. காத்து அடிச்சால் மற்றதை விட முதல் அதுதான் ஆடும்."

"அப்பிடியேதான் ஐயா."

"ஆடுற படகெண்டு கரையிலை ஏத்தி வைக்கிறேல்லை," என்றார் அப்பா, தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ காலமை சாப்பிடுறேல்லையோ அங்கை?"

நான் கூரையைப் பார்த்தேன். காலை விரிவுரைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு வருடமாக நான் காலைச் சாப்பாடு கண்டதில்லை. அது அந்த அறையிலேயே வெளிவந்தது. அப்பா கொடுத்த ஏச்சை டொக்டரும் மிகவும் ரசித்துக் கேட்டார்.

டொக்டர் எனக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்தார், மினுக்கம் தொடங்கியதும் போட. எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரம் நித்திரை என்றெல்லாம் ஒரு கொப்பியில் குறிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு அட்டையை எடுத்து அம்மாவின் பெயரைக் கேட்டார். அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, அவருக்கும் மருந்து எழுதினார்.

அம்மா அந்த அட்டையைக் கையில் வாங்கவில்லை. "சோளகத்துக்கு மருந்து இருக்கோ?" என்று கேட்டார்.

அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். எத்தனை தடவை அந்தக் கட்டிலருகே சட்டி கொண்டுபோய் வைத்திருப்பேன்! உங்களுக்கு என்ன செய்கிறது என்று ஒருநாள் ஒருதரம் கேட்டிருக்கலாம். டொக்டர் என் முகத்தைப் பார்த்தாரோ தெரியாது. படிவத்தை என் பக்கம் தள்ளி, "இதைத் திருத்தித் தாங்கோ தங்கச்சி," என்றார். கோடு போட்ட அந்த "இல்லை"யை வெட்டினேன். அதன் மேல் "அம்மா, பெரியம்மா" என்று எழுதினேன். எழுதுவதற்கு முன், முதல் தடவையாக, "வேறை ஆருக்கம்மா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியை எடுத்தேன். இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டேன். "உங்களுக்குச் சோளகம் எழும்புறதோ?"

பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார். "எழும்புறதோ எண்டு கேக்கிறாய்? கொம்மாவுக்கு வாறது ஒரு சின்னக் காத்து. எனக்கு வாறதுதான் சோளகம். என்ரை வட்டத்தை வடிவாக் கறுப்படி." அடித்தேன். போதாது என்று பென்சிலை வாங்கித் தானே இன்னும் அழுத்தி அடித்தார்.

கனடாச் சின்னம்மாவுக்கு அழைத்தேன். "இஞ்சை பனி கொட்டேக்கையும் எனக்குச் சோளகம் வருது மோளே. ஆருக்குச் சொல்லுறது?" என்றார். அங்கே டொக்டரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வயிற்றுக் கோளாறு என்று சொன்னாராம். இரண்டு வருடமாக வயிற்றுக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தாராம்.

எல்லாரையும் விட மாமாவுக்குத்தான் அன்றைக்குப் பெருநாள். காற்றே இல்லாத நாளிலும் "சோளகம்" என்று சொல்லிப் படுத்துவிடுவார் என்று இறங்குதுறையில் அவருக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது. என் கொப்பியில் தன் சதுரம் கறுப்பாவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரும்படி கேட்டார். இறங்குதுறையில் ஒட்டவேண்டுமாம்.

செத்துப்போன அம்மம்மாவையும் சேர்த்து ஆறு பேர் கறுப்பானார்கள். அதில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்டவள் நான் ஒருத்திதான். அப்பா அந்தப் படத்தை மறுபடி வாங்கி, விரலால் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் லாச்சியைத் திறந்தார். கையெழுத்து வைக்கும்போது அப்பா எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அன்று நாங்களும் பிடித்துக்கொண்டோம். மை காய முதலே தங்கச்சி படிவத்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். "காலமை சாப்பிட்டிட்டுத்தான் ரெண்டு பேரும் படிக்கோணும்!" என்று அப்பா பின்னால் கத்தினார்.

இன்று நான் இறுதி வருடத்தில் இருக்கிறேன். தங்கச்சி உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கும் ஒருநாள் அந்த மினுக்கம் வந்தது. பயப்படாமல் மாத்திரையைப் போட்டுவிட்டு, எனக்கு அழைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கும் அம்மாவுக்கும் அது இன்னும் வருகிறது, முன்னரைப் போல அடிக்கடி இல்லை. பெரியம்மா மட்டும் மருந்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. தன்னுடையது மாத்திரைக்கு அடங்காத பெரிய சோளகம் என்கிறார்.

படிப்பின் ஒரு பகுதியாக இப்போது நான் வீடு வீடாகப் போய் ஆட்களின் வருத்தங்களைக் கேட்டு எழுதுகிறேன். எந்த வீட்டிலும் நோயின் பெயரை நான் முதலில் சொல்வதில்லை, "உங்களுக்கு என்ன செய்யும், சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுப் பேனையை மூடிவைத்துக் காத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், அதே வீட்டில் அம்மாவின் வலியைக் கடைசியாக அறிந்தவளும் நான்தான் என்பது என் நினைவுக்கு வருகிறது.